அம்பாசடர் ஆக்ஸில் + குறுக்குக் கமான்: ரேடியஸ் ராடு பிராக்கெட்டில் விரிசல், ராட் எண்ட் போட்டால் தீருமா?

ராயபுரம்_ராட்:
வணக்கம். 1931 ஃபோர்டு மாடல் ஏ பாணியில் ஒரு ஹாட் ராட் (பழைய கார் பாணியில் மாற்றிக் கட்டும் வண்டி) தயாராகிறது. சேசிஸ் 100×50 பாக்ஸ், 4 மி.மீ. இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் அம்பாசடர் 1800 ஐசுசு. பின்னால் அம்பாசடர் ஆக்ஸில்தான். ஆனால் நீளவாக்குக் கமானைக் கழற்றிவிட்டு மேலே அகலவாக்கில் ஒரே குறுக்குக் கமான் போட்டிருக்கிறது. ஆக்ஸில் முன்பின் நகராமல் பிடிக்க இரண்டு பக்கமும் 900 மி.மீ. ரேடியஸ் ராடு. பின்முனை ஹவுசிங்கில் (ஆக்ஸிலின் வெளிக்கூடு) ஒட்டிய பிராக்கெட்டில் மேலும் கீழும் இரண்டு போல்ட்டில் இறுக்கமாக நிற்கிறது. முன்முனை சேசிஸ் ரெயிலில் ரப்பர் புஷ். இரண்டு முன்முனைக்கும் நடுவே 700 மி.மீ.

ஒரு சக்கரம் மட்டும் ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் 'டக்' என்று சத்தம். வலது பிராக்கெட் வெல்டு ஓரத்தில் மயிரிழை விரிசல். 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் அதிர்வும் இருக்கிறது. புஷ்ஷுக்குப் பதில் ராட் எண்ட் (உலோகப் பந்து மூட்டு) போடலாமா?

கமான்_கட்டு:
ராட் எண்ட் போட்டால் இன்னும் சீக்கிரம் விரிசல் விடும் சார். இப்போது கொஞ்சமாவது விட்டுக்கொடுப்பது அந்த ரப்பர்தான்.

வண்டி ஒரு பக்கம் 4° சாயும்போது ஒரு ராடின் முன்முனை ஏறும், மற்றது இறங்கும். ராடு பின்னால் ஹவுசிங்கோடு இறுகியிருப்பதால் இரண்டு பிராக்கெட்டும் எதிரெதிர்த் திசையில் ஹவுசிங்கை முறுக்கும். கணக்கு எளிது: முன்முனை இடைவெளியை ராடு நீளத்தால் வகுத்து, சாய்வால் பெருக்குங்கள். 700/900 × 4 = 3 டிகிரிக்கு மேல். ஹவுசிங் குழாய் அவ்வளவு முறுகாது, அதனால் வெல்டு ஓரம் கிழிகிறது. முன்னால் பந்து மூட்டு போட்டாலும் இந்த முறுக்கு அப்படியேதான் இருக்கும்.

1948 வரை ஃபோர்டு காரில் டார்க் டியூப் (இன்ஜின் சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் ஷாஃப்டை மூடிய குழாய்) இருந்தது. ரேடியஸ் ராடுகள் அதோடு சேர்ந்து முன்னால் நடுவில் ஒரே பந்தில் முடிந்தன, அதனால் முறுக்கே கிடையாது. உங்கள் வண்டியிலும் முன்முனைகளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளி 100 மி.மீ. ஆனால் அதே 4° சாய்வில் முறுக்கு அரை டிகிரிக்கும் குறைவு. அதை ரப்பர் புஷ் வாங்கிக்கொள்ளும்.

பாடி_ஃபேப்ரிகேஷன்:
மேலே சொன்னதுதான் சரி. செய்யும் முறையைச் சொல்கிறேன்.

கியர்பாக்ஸ் வாலுக்குப் பின்னால், புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு அடியில் வளைந்து போகும்படி 50 மி.மீ. குழாயில் ஒரு கிராஸ் மெம்பர். முன் புஷ்கள் அதில் உட்காரட்டும், யூனிவர்சல் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. தள்ளிப்போனால் ஸ்லிப் யோக் (ஷாஃப்டின் நழுவும் முனை) அதிகமாக ஓடும். ஷாஃப்டைச் சுற்றி 6 மி.மீ. பட்டையில் ஒரு பாதுகாப்பு வளையமும் வையுங்கள்.

ராடுக்கு 32 மி.மீ. சீம்லெஸ் குழாய், சுவர் 4 மி.மீ. பாரிமுனை செம்புதாஸ் தெருவில் கிடைக்கும். புஷ், ஷேக்கிள் (கமான் முனையைப் பிடிக்கும் ஆடும் இணைப்பு) எல்லாம் புதுப்பேட்டையில் பாருங்கள். பிராக்கெட்டுக்கு 8 மி.மீ. பிளேட், போல்ட்டை இரண்டு பக்கமும் பிடிக்கிற யூ வடிவம். ஒற்றைப் பிளேட்டில் தொங்கவிட்டால் போல்ட் வளையும். பிராக்கெட்டை நேராகக் குழாயில் ஒட்டாமல், பாதிச் சுற்றளவைத் தழுவும் சேடில் பிளேட் வைத்து அதன்மேல் ஒட்டுங்கள். பழைய விரிசலை முழுக்க கிரைண்ட் செய்து எடுத்துவிடணும், மேலே பூசினால் அதே இடத்தில் திரும்ப வரும்.

ராடுகள் உள்பக்கம் சாய்ந்து வருவதால் முன் புஷ் வீடுகளும் சாய்ந்துவிடும், பலர் கோட்டை விடுகிற இடம் இது. இரண்டு துளையும் ஆக்ஸிலுக்கு இணையாக ஒரே கோட்டில் இருக்கணும். இரண்டிலும் ஒரே 16 மி.மீ. பிரைட் பாரை நுழைத்துவிட்டு டாக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) அடியுங்கள்.

ஹவுசிங்கில் வெல்டிங் செய்யும்முன் ஆயிலை வடித்து, ஆக்ஸில் ஷாஃப்ட், பேரிங், சீல் எல்லாம் கழற்றுங்கள். எர்த் கிளாம்பு பிராக்கெட்டிலேயே. 7018 வெல்டிங் ராடு என்றால் சூடாக்கி உலர்த்தியது மட்டும். இந்த ஊர்க் கடற்காற்றில் பிரித்துவைத்த பாக்கெட் ஈரம் இழுத்துவிடும், வெல்டு விரிசல் விட அதுவே போதும். 25 மி.மீ. போட்டு எதிர்ப்பக்கம் மாறுங்கள், தொட்டால் சுடாத அளவு ஆறியபின் அடுத்தது. இரு முனை ஃபிளாஞ்சிலும் நேர்ப்பட்டை கட்டி, முன்னாலும் பின்னாலும் இடைவெளி அளந்து, வெல்டிங்குக்கு முன்பும் பின்பும் ஒப்பிடுங்கள். 1 மி.மீ.க்கு மேல் மாறினால் ஹவுசிங் வளைந்திருக்கிறது. கமான் பட்டைமேல் ஒரு பொறிகூட விழக்கூடாது, டெம்பர் போன இடத்தில் ஒடியும்.

ராயபுரம்_ராட்:
மிக்க நன்றி. பேன்ஹார்டு ராடு (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்கு ராடு) இன்னும் போடவில்லை. ஷேக்கிளே பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளாதா?

கமான்_கட்டு:
பிடிக்காது சார். இருபக்கமும் ஷேக்கிள் என்றால் வளைவில் ஆக்ஸில் ஊஞ்சலாடும். பேன்ஹார்டு ராடு கட்டாயம், எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. 800 மி.மீ. ராடு என்றால் 75 மி.மீ. ஏற்றத்தில் ஆக்ஸில் 3.5 மி.மீ. நகரும், 400 என்றால் 7. ஆள் உட்கார்ந்த உயரத்தில் ரசமட்டம் வைத்து மட்டமாகப் பொருத்துங்கள். ஷேக்கிளும் அதே எடையில் சுமார் 45° சாய்வில் நிற்கட்டும்.

அதிர்வுக்குப் பினியன் கோணத்தை, அதாவது ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்ஸில் மூக்கின் சாய்வைப் பாருங்கள். கியர்பாக்ஸ் வால் 3° கீழே சாய்ந்தால் பினியன் மூக்கு 2° மேலே. முடுக்கும்போது புஷ் அமுங்கி மீதி 1° தானாக ஏறும். சேடிலை முழுதாக ஒட்டும்முன்பே இதைச் சரிபார்க்கணும், அப்புறம் திருத்த வழியில்லை. ஷாஃப்டை வெட்டிச் சுருக்கியிருந்தால் இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தப்பியிருந்தால் எந்தக் கோணம் வைத்தாலும் உதறும்.