பார் மிட்ஸ்வாவில் பேழை திறக்கும் பொறுப்பு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கூட வேலை செய்யும் நண்பரின் 13 வயது மகனுக்கு வரும் சனிக்கிழமை காலை 9:30-க்கு பார் மிட்ஸ்வா (யூதப் பையன்கள் 13 வயதில் மதப் பொறுப்பை ஏற்கும் சடங்கு). கன்சர்வேடிவ் பிரிவு ஜெப ஆலயம். யூதர்களின் புனித நூலான தோராவின் வாசிப்புக்கு மேடைக்கு அழைக்கும் 'அலியா' யூதர்களுக்கு மட்டும்தான். அதனால் தோரா சுருள்கள் இருக்கும் பேழையைத் திறக்கும் மரியாதையை எனக்கும் மனைவிக்கும் கொடுத்திருக்கிறார்கள். பேழை திறந்ததும் சபை முழுக்க எழுந்து நிற்கும். அத்தனை பேர் முன்னால் தப்பு நடந்துவிடக் கூடாதே என்று அடித்துக்கொள்கிறது.

நண்பரைக் கேட்டால், "கபாய் கை காட்டுவார், கவலைப்படாதே" என்கிறார் (கபாய் என்றால் வழிபாட்டை ஒழுங்குபடுத்துபவர்). ஆலய அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன், பதிவுக்குரல்தான். வீடியோக்களில் ஆளுக்கு ஒரு விதம்: ஒன்றில் மரக்கதவு, இன்னொன்றில் திரை. நண்பர் அனுப்பிய போட்டோவில் இரண்டுமே இருக்கின்றன. கருநீல வெல்வெட் திரை, வலது ஓரத்தில் இழுக்க ஒரு வெள்ளைக் கயிறு. உடை பற்றிக் குழப்பமில்லை. கிப்பா என்ற சிறு தொப்பி வாசலிலேயே கிடைக்கும், பிரார்த்தனைச் சால்வை எங்களுக்கு இல்லை.

சுருளை எடுத்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பியதும் பேழையை மூடிவிட்டு நாங்கள் இருக்கைக்குத் திரும்பிவிடலாமா, இல்லை ஊர்வலம் முடியும்வரை மேடையிலேயே நிற்க வேண்டுமா?