லாகவுட்: ‘வெளியேறு’ போதுமா?

வணக்கம். லாகவுட்டுக்கான தமிழ்ச்சொல் பற்றிக் குழுவில் எழுந்த இரண்டு கேள்விகளுக்கு என் பதில்.

> லாகவுட்டுக்கு ‘வெளியேறு’ என்றால் எல்லாருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. போன மாதம் அம்மாவுடன் பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். மெயில் பார்த்து முடித்ததும், “வெளிய வந்துட்டேன்பா” என்று எழுந்துவிட்டார். மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தட்டி மூடியிருக்கிறார், அவ்வளவுதான். மறுபடி திறந்தேன். இன்பாக்ஸ் அப்படியே விரிந்தது. அம்மா வெளியேறித்தான் இருந்தார், லாகவுட் ஆகவில்லை.

லாகின் செய்ததும் சர்வர் ஓர் அடையாளச் சீட்டு தருகிறது. பிரவுசர் அதைக் குக்கி என்ற சிறு குறிப்பாக வைத்துக்கொள்கிறது. ஜன்னலை மூடினாலும் பல தளங்களில் அந்தச் சீட்டு செல்லும். ‘நான் கிளம்புகிறேன்’ என்று சர்வரிடம் சொன்னால்தான் அது உடனே ரத்தாகும். சொல்லாமல் கிளம்புவது வேறு, சொல்லிக்கொண்டு கிளம்புவது வேறு. இது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதனால் என் பரிந்துரை: ‘விடைபெறு’.

> ‘லாக்’ என்றால் பதிவுதானே? விக்கிப்பீடியாவில் உள்ள ‘விடுபதிகை’யே இருக்கட்டும்.

லாக் முதலில் மரக்கட்டை. முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் விட்டு, ஓடும் முடிச்சுகளை எண்ணிக் கப்பலின் வேகத்தைக் கணித்தார்கள். அந்தக் கணக்கை எழுதிய ஏடு லாக்புக். 1960களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள உதவிய சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில் லாகின், லாகவுட் இரண்டும் கட்டளைகளாகவே இருந்தன. இன்று அந்தப் பொத்தானை அழுத்தும் யாருக்கும் கட்டையும் நினைவில்லை, ஏடும் நினைவில்லை. நாம் மட்டும் ஏன் ‘பதிகை’யைச் சுமக்க வேண்டும்? தவிர, பொத்தானுக்கு ஏவல்வினை தேவை. ‘விடுபதிகை செய்’ என்று நீட்டினால் மொபைல் திரையில் இரண்டு வரிக்கு மடங்குகிறது.

‘விடைபெறு’ வினையாகவே நிற்கிறது: விடைபெற்றார், விடைபெறவில்லை, விடைபெறல். நேரம் கடந்ததும் தளமே நம்மை லாகவுட் செய்கிறதே, அதற்கு ‘விடைகொடு’ தயாராக இருக்கிறது. லாகினுக்கு ‘உள்நுழை’ ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

எனக்கே உறுத்தும் இடம் ஒன்று உண்டு: ஆன்லைன் தேர்வு. கேள்விக்குப் பக்கத்தில் ‘விடைபெறு’ என்றிருந்தால், பதில் கிடைக்கும் என்று மாணவர் தட்டிவிடுவார். பாதித் தேர்வில் வெளியே நிற்பார். அங்கே மட்டும் ‘சொல்லிச்செல்’ பொருந்துமா? குழுவில் உள்ள ஆசிரியர்கள் சொல்லுங்கள்.