பொருள்: ஸ்கூபா டைவிங்கிற்குத் தமிழ்ச் சொல் – பாதுகாப்புக் கையேட்டுக்காக, திங்களுக்குள்

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம். அந்தமானின் ஹேவ்லாக் தீவில், அதாவது 2018 முதல் சுவராஜ் தீவு என்று அலுவல்முறையில் வழங்கும் தீவில், கடலோர விடுதி ஒன்று தமிழ் விருந்தினர்களுக்காகப் பாதுகாப்புக் கையேடு ஒன்றை அச்சிடுகிறது. மொழிபெயர்ப்பு என் பொறுப்பில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். விடுமுறைக்கு வரும் குடும்பத்தினரே இதைப் படிக்கப் போகிறார்கள். அவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. பயிற்றுநர் உடன்வர, 12 மீட்டருக்குக் கீழே போகாத அறிமுக அமர்வு மட்டுமே அவர்களுக்கு உண்டு.

காற்றுக்கலனைச் சுமந்து, அதிலிருந்து மூச்சுவிட்டபடி நீருக்கடியில் இறங்கும் ஸ்கூபா டைவிங்கைச் செய்தித்தாள்கள் 'ஆழ்கடல் நீச்சல்' என்று எழுதுகின்றன. கடலியலார் 200 மீட்டருக்குக் கீழே உள்ளதைத்தான் ஆழ்கடல் என்கிறார்கள். கரையோரப் பவளத்திட்டை அப்படிச் சொல்ல எனக்குக் கை வரவில்லை. தவிரவும், நீச்சல் தெரியாதவரை அழைத்துப் போகும் ஒன்றை நீச்சல் என்று எப்படிச் சொல்வது? 'மூழ்குதல்' என்று எழுதிப் பார்த்தேன். "நீங்கள் மூழ்கும்போது பயிற்றுநர் அருகிலேயே இருப்பார்" என்ற வரியைப் படித்ததும் என் அக்கா, "பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பாரா?" என்று கேட்டார். 'நீர்மூழ்கி' என்ற சொல்லோ கப்பலுக்குப் போய்விட்டது. என்ன எழுதலாம் என்று சொல்லுங்கள்.

கோவையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மையீர், மூழ்குதல் என்றால் சாவு என்பது நம் காலத்துப் பொருட்குறுக்கம். அகநானூற்றின் 350ஆம் பாட்டில் கொற்கைப் பரதவர் சுறாவை விலக்கி 'வலம்புரி மூழ்கிய' செய்தி வருகிறது. அங்கே மூழ்குதல் என்பது ஒன்றை நாடிக் கடலுக்குள் போய் அதை எடுத்து மீளும் தொழிற்சொல்லாகவே நிற்கிறது. இறப்பின் நிழல் அதில் சிறிதும் இல்லை. ஆயினும் இன்றைய வாசகர் அஞ்சுவார் என்றால், அதைவிட நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. கள்ளுண்டு களித்தவனைக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, கீழ்நீரில் குளித்தவனைத் தீவிளக்கு ஏந்தித் தேடுவது போன்றது என்கிறது 929ஆம் குறள். 'கீழ்நீர்க் குளித்தான்' என்பது வள்ளுவர் ஆண்ட தொடர். இன்று நாம் குளியலறையில் செய்வதை நீராடல் என்றே முன்னோர் வழங்கினர். குளித்தல் என்பது உள்ளே புகுந்து மறைதலாகும். அம்பு மார்பில் குளித்தது என்னும் வழக்கும் இதனால் வந்ததே. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என இன்றும் அச்சொல் உயிரோடு இருக்கிறது. ஆகவே 'கீழ்நீர்க்குளிப்பு' என்பதே என் முடிவான பரிந்துரை.

இவ்விடத்தில் குடைதல் என்ற வினையையும் எண்ணிப் பார்க்கலாம். ஆண்டாள் 'குள்ளக் குளிரக் குடைந்து நீராடாதே' என்று தோழியை எழுப்புகிறாள். குடை, குடைவு, குடம், குடா எனக் குகர முதலாக வரும் உட்குழிவுச் சொற்கள் அனைத்தும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் துணிபு. குளம், குழி, குளி ஆகியவற்றையும் அவ்வரிசையில் வைக்கலாம். விரிவாகப் பின்னர் எழுதுவேன்.

தூத்துக்குடியிலிருந்து, அறிவியல் ஆசிரியர்:

ஐயா, எங்கள் ஊர்ச் சொல்லை நீங்கள் உயர்த்திப் பிடித்தது எனக்கு மகிழ்ச்சி. இங்கே முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனாலும், சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அதே காரணத்தால்தான் அந்தச் சொல்லை இந்தக் கையேட்டில் வைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

குளித்தல் என்றதும் தமிழர் மனத்தில் கூடவே வருவது 'மூச்சடக்கி முத்தெடுத்தல்' என்னும் தொடர். ஸ்கூபாவில் முதல் விதி மூச்சை அடக்காதே என்பது. கடல்மட்டத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அதை அடக்கிக்கொண்டே ஒருவர் மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். சங்குகுளியாளர் மேலே இழுத்த காற்றைத்தான் கீழே கொண்டுபோகிறார் என்பதால், திரும்பும்போது அது பழைய அளவுக்கே வருகிறது. அவருக்கு இந்த ஆபத்து இல்லை. மூச்சடக்குவது அவருக்குத் திறமை, ஸ்கூபாவில் இறங்குபவருக்கோ எமன். நம் சொல் விருந்தினரை எந்தப் பக்கம் தள்ளப் போகிறது என்பதே என் கவலை.

மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொன்று. தங்கள் வரைவின் 3ஆம் பக்கத்தில் 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றும், அடைப்புக்குறிக்குள் 'உயிர்வளிக் கலன்' என்றும் பார்த்தேன். இரண்டும் தவறு. முதுகில் சுமப்பது நாம் மூச்சுவிடும் இதே சாதாரணக் காற்றுதான். ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். தனி ஆக்சிஜனைச் சுவாசித்தபடி 6 மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். 'காற்றுக்கலன்' என்று எழுதுங்கள், போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, செய்தியாளர்:

வணக்கம். இவ்வளவு தேடல் ஏன் என்று விளங்கவில்லை. எங்களிடம் 'சுழியோடி' என்ற சொல் அன்றாட வழக்கில் உள்ளது. கிணற்றில் விழுந்த பொருளை எடுப்பவரும் சுழியோடிதான். காற்றுக்கலனோடு கடலுக்குள் இறங்கும் கடற்படை வீரரும் சுழியோடிதான். எந்த வாசகரும் இதற்கு விளக்கம் கேட்டதில்லை. சுழியோடல், சுழியோடி, சுழியோடிய இடம் என வேண்டிய வடிவமெல்லாம் எடுக்கலாம். மூச்சடக்குதல் என்ற பொருளும் அதில் கட்டாயமில்லை. ஆயத்தமாக இருக்கும் தமிழ்ச் சொல்லை, தமிழ்நாட்டில் புழங்கவில்லை என்பதற்காகவே தள்ளிவைப்பது நியாயம்தானா?

கோவையிலிருந்து:

சொல் அழகானது, மறுக்கவில்லை. எனினும் சுழி என்பது இங்கே நீர்ச்சுழியையும் எண்ணில் சுழியத்தையும் குறிக்கும். கடலுக்கு முதன்முறை வருபவரிடம் 'சுழி' என்று தொடங்கும் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், உள்ளே இழுக்கும் சுழல் இருப்பதாகவே அவர் எண்ணுவார். நீர்ச்சுழி, மயிர்ச்சுழி, பிள்ளையார் சுழி ஆகிய மூன்றிலும் வளைதலே வேர்ப்பொருள். ஆழம் அதில் இல்லை. என் கீழ்நீர்க்குளிப்புக்கு ஆசிரியர் சொன்ன மூச்சுத் தடையை வேண்டுமானால் 'மூச்சுக்கலக் கீழ்நீர்க்குளிப்பு' என்று நீக்கலாம்.

போர்ட் பிளேயரிலிருந்து, பயிற்றுநர்:

ஐயா, அம்மா, அனைவருக்கும் வணக்கம். நான் விருந்தினர்களைத் தண்ணீருக்குள் அழைத்துப் போகிறவன். பதினாறு எழுத்துச் சொல்லைப் படகில் நின்று என்னால் சொல்ல முடியாது. வருபவர்கள் எல்லாரும் 'ஸ்கூபா' என்றுதான் கேட்டு வருகிறார்கள். அந்தச் சொல்லை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டாம்.

என் தேவை வேறு. ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் காதடைப்பை நீக்க வேண்டும்: முகமூடியின் ரப்பர் மூக்குப் பகுதியை இரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கு வழியாக மெல்ல ஊத வேண்டும். பல கையேடுகளில் இதைக் 'காது சமனாக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள், ஒருவருக்கும் புரிவதில்லை. 'காதடைப்பு விடுவித்தல்' என்றால் உடனே செய்கிறார்கள். அதேபோல, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் கடலுக்குள் 'மேலே போகலாம்' என்று பொருள். நம்மவர்கள் 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்ல அதையே காட்டுகிறார்கள். நான் மேலே கூட்டிவந்துவிடுகிறேன், அத்தோடு அமர்வு முடிந்துபோகிறது. 'நலம்' என்பதற்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையம். இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பலமுறை இறங்கியவர்கள் விமானம் ஏற 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் முதல் பக்கத்திலேயே போடுங்கள். கடைசி நாளுக்குக் கடலை ஒதுக்கிவைத்துவிட்டு மறுநாள் காலை விமானத்துக்குச் சீட்டு எடுத்திருப்பவர்கள் அதிகம்.

சொல்தான் வேண்டும் என்றால், 'முக்குளிப்பு' எப்படி? முக்குளிப்பான் பறவையைத் தெரியாதவர் குறைவு. அது உள்ளே போனால் திரும்பி வரும்.

சென்னையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானோர் 'ஸ்கூபா முக்குளிப்பு' என்பதை ஏற்கிறார்கள். அதையே எழுதி அனுப்புகிறேன். முக்குளிப்பானும் மூச்சை அடக்கும் பறவைதான் என்று தூத்துக்குடி ஆசிரியர் நினைவூட்டினார். அதனால் சொல் வரும் முதல் இடத்திலேயே, 'மூச்சை ஒருபோதும் அடக்காமல், இயல்பாக இழுத்து விட்டுக்கொண்டே இறங்குவது' என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். காற்றுக்கலன், காதடைப்பு விடுவித்தல் இரண்டும் அப்படியே இடம்பெறுகின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து:

பெரும்பான்மையை மதிக்கிறேன், உடன்படவில்லை. பறவையின் பெயரிலிருந்து வினையை எடுத்து, அதற்கு முன்னால் ஸ்கூபாவையும் ஒட்டி, பிறகு ஒரு விளக்க வரியும் தேவைப்படுகிற இடத்தில், விளக்கமே வேண்டாத சொல் வெளியே நிற்கிறது. அடுத்த பதிப்பிலாவது அடைப்புக்குறிக்குள் 'சுழியோடல்' என்று சேர்க்க வேண்டும் என்ற என் கோரிக்கை குழுமத்தில் பதிவாகட்டும்.

கோவையிலிருந்து:

அக்கோரிக்கைக்கு என் ஆதரவும் உண்டு. முக்குளி என்பதன் முதனிலை மூழ்குவா முங்குவா என்பது பற்றி நாளை எழுதுகிறேன்.