புனித ஜார்ஜ் கோட்டை தூய மரியாள் ஆலயம்: கூரையும் கல்லறைப் பலகைகளும்

கோட்டைவாசல்:
சென்னைக் கோட்டைக்குள் உள்ள தூய மரியாள் ஆலயத்தைப் பற்றி இரண்டு ஐயங்கள். முதலாவது, அதன் கூரை. அக்காலத்து ஆங்கிலேயத் தேவாலயங்களில் மரச்சட்டங்களால் ஆன கூரையையே எதிர்பார்ப்போம். இங்கோ உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் மூன்று சுரங்கவழிகளை அடுத்தடுத்து வைத்ததுபோல் இருக்கிறது. இரண்டாவது, ஆலயத்தைச் சுற்றியுள்ள தரை முழுவதும் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு அடியில் உண்மையிலேயே உடல்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனவா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காரைச்சுவர்:
முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, பீரங்கிக்குண்டு. ஆளுநர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டரின் முயற்சியால், கோட்டைவாசிகள் தாமே திரட்டிய நன்கொடையைக் கொண்டு கட்டப்பட்ட ஆலயம் இது. மரியாளுக்குத் தேவதூதர் மங்களவார்த்தை சொன்ன திருநாளான மார்ச் 25 அன்று, 1678இல், பணி தொடங்கியது. அப்பெயரே ஆலயத்துக்கும் அமைந்தது. 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை நடைபெற்றது.

கோட்டைக்குள் எழும் உயரமான கட்டடம் எதிரியின் முதல் இலக்காகும் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கோட்டையின் தலைமைப் பீரங்கியாளர் வில்லியம் டிக்சனே இதை வடிவமைத்தவர் என்று கருதப்படுவதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிச்சுவர்கள் ஏறத்தாழ 4 அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு அரைவட்டமாக வளைத்த கூரை 2 அடி கனம். தீயும் கறையானும் அண்டக்கூடாது என்பதற்காகக் கூரையில் மரத்தை அறவே தவிர்த்துவிட்டார்கள்.

தாங்கள் கண்ட மூன்று வளைவுகளுக்கும் காரணம் உண்டு. கனத்த வளைவுக்கூரை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, சுவர்களைப் பக்கவாட்டிலும் தள்ளும். நடுக்கூடத்து வளைவின் தள்ளுவிசையை இருபுறத்துப் பக்கக்கூட வளைவுகள் எதிர்த்து நிற்க, எஞ்சியதைத் தடித்த வெளிச்சுவர்கள் ஏற்றுக்கொள்கின்றன. அழகு நோக்கில் இது சற்றே இறுக்கமான கட்டடம் என்பதே என் கருத்து. எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ ஆலயத்தின் குவிமாடத்தைப் பார்த்துவிட்டு இங்கு வருபவர்கள் ஏமாறக்கூடும். கோபுரமும் அதன் கூர்முனையும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டவை. இன்று காண்பது அந்நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுப்பப்பட்டது.

பழங்கல்:
இரண்டாவது கேள்விக்கு நான் விடை கூறுகிறேன். வெளியே பதிக்கப்பட்டுள்ள பழைய பலகைகளின் கீழ் உடல்கள் இல்லை. தொடக்ககால ஆங்கிலேயர்களின் இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்தது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகள் அவர்களுக்கு நல்ல மறைவிடமாகப் பயன்பட்டன. அடுத்த ஆண்டு முற்றுகை விலகிய பின், இனியொருமுறை அவ்வாறு நேரக்கூடாதென்று ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்து, பலகைகளை மட்டும் பெயர்த்து ஆலய வளாகத்துக்குக் கொண்டுவந்தனர். பழைய இடத்தில் ஜோசப் ஹின்மர்ஸ், ஆளுநர் எலிஹு யேலின் மகன் டேவிட் ஆகியோரின் நினைவுத்தூண் விட்டுவைக்கப்பட்டது.

பலகைகளின் அலைச்சல் அத்துடன் முடியவில்லை. ஹைதர் அலியுடனான போரின்போது அவற்றுள் சில பெயர்க்கப்பட்டு, கொத்தளங்களில் பீரங்கிகளை நிறுத்துவதற்குத் தளமாகப் போடப்பட்டன. 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் பலகை இங்குள்ளவற்றுள் மிகப் பழையது. அது ஆலயத்தைக் காட்டிலும் 28 ஆண்டுகள் மூத்தது என்பதே, அது வேறிடத்திலிருந்து வந்தது என்பதற்குப் போதிய சான்று. ஆலயத்தின் உள்ளே நிலைமை வேறு; ஆளுநர் தாமஸ் மன்றோ உள்ளிட்ட சிலர் அங்கு உண்மையாகவே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

கோட்டைவாசல்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ராபர்ட் கிளைவின் திருமணம் இங்குதான் நடந்தது என்று கூறுவது சரியா?

பழங்கல்:
சரியே. 1753 பிப்ரவரியில் மார்கரெட் மாஸ்கெலினை அவர் மணந்தது இங்குதான். இந்த ஆலயத்தின் முதல் திருமணம் 1680 நவம்பர் 4இல் நடந்த எலிஹு யேலின் திருமணம். மணமகள், மேலே குறிப்பிட்ட ஹின்மர்ஸின் கைம்பெண்ணான கேதரின். கல்கத்தாவோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் மூன்று மகள்களுக்கு 1689இல் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டதும் இங்கேதான். அவருடைய கல்கத்தாக் கல்லறைக்குப் பல்லாவரத்துக் கல் பயன்பட்டதால்தான் அந்தப் பாறைவகைக்கே சார்னாக்கைட் என்ற பெயர் ஏற்பட்டது.

காரைச்சுவர்:
மீண்டும் செல்வதாக இருந்தால், பலிபீடத்துக்கு மேலுள்ள இராப்போஜன ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது ஆங்கிலேயர் அதை எடுத்துவந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தலைமைச் செயலகமும் அதே கோட்டைக்குள் இருப்பதால் வாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.