வண்டிக்கு முன் சம்பளக் கணக்கு

சங்கத்துப் பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்குவது பற்றி இரண்டு வாரமாக வரும் மடல்களை விடாமல் படித்தேன். எந்த வண்டி, அதன் பக்கவாட்டில் யார் பெயர் என்பதிலேயே பாதி மடல்கள் போயிருக்கின்றன. ஓட்டப் போகிறவர் யார், அவருக்கு மாதாமாதம் சம்பளம் எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு இது பட்ட அனுபவம். போன தை மாதம் ஒரு விடியற்காலையில் எங்கள் ஆத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. பக்கத்து ஊரில் ஓர் அறக்கட்டளை வண்டி நிற்பது தெரிந்து, சிங்கப்பூரிலிருந்து நானே அழைத்தேன். வண்டி இருந்தது, ஓட்டுநர் இல்லை. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. கல்யாணச் சவாரிக்குப் போயிருந்தார். குடும்பம் நடத்த வேண்டிய அவரை நான் குறை சொல்ல மாட்டேன். யார் யாரையோ கேட்டு முக்கால் மணி நேரம் போன பிறகே 108-ஐ அழைக்கச் சொன்னேன். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும். ஆத்தா பிழைத்துவிட்டார்கள். வலது கை இன்னும் எழவில்லை. அந்த முக்கால் மணி நேரம் என்னை விட்டுப் போகவே இல்லை.

ஆகவே முதலில் ஒன்று: உயிர் ஆபத்து என்றால் உடனே 108. 2008 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஓடும் இலவசச் சேவை அது. அரசின் பணத்தில் ஒரு நிறுவனம் நடத்துகிறது. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநரோடு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருப்பார். அதற்குப் போட்டியாக நாம் ஓட வேண்டாம். ஆனால் அந்த வண்டி சிவகங்கைக்கோ மதுரைக்கோ போயிருக்கும் நேரம் உண்டு. டயாலிசிஸுக்குப் போய்வருவதும், அறுவை சிகிச்சை முடிந்து படுத்தபடி வீடு திரும்புவதும் அதன் வேலை அல்ல. தனியாக இருக்கும் நம் வீட்டு முதியவர்களுக்கு நாம் உதவ வேண்டிய இடம் இதுதான்.

எத்தனை பேர் வேண்டும்? இரவு பகலாக வண்டி நின்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். தொழிலாளர் சட்டப்படி ஒருவர் வாரத்தில் 48 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஓட்டுநர் இருக்கைக்கு மட்டும் மூன்றரை ஆள் வருகிறது. உதவியாளரையும் சேர்த்தால் ஏழு பேர். விடுப்பு, காய்ச்சல், ஊர்த் திருவிழா எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

உதவியாளர் எதற்கு, ஓட்டுநர் ஒருவர் போதாதா என்று எழுதியிருந்த அண்ணன் தம் வீட்டையே நினைத்துப் பார்க்கட்டும். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் விழுந்தவரை, நடு முற்றமான வளவைத் தாண்டி, நிலைக்கு நிலை படி கடந்து, முகப்பு வழியாகத் தெருவுக்கு ஒற்றை ஆளாகக் கொண்டுவர முடியுமா? ஊர்க்காரப் பிள்ளையாக இருந்தால் பின்தெருவுக்கே வண்டியைக் கொண்டுவந்து, பின்வாசல் வழியாக ஏற்றிவிடுவான். ஆட்களை உள்ளூரிலேயே எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆக்சிஜனைக் கவனிப்பதும் உதவியாளர் வேலை. 1,500 லிட்டர் கொள்ளும் சிறிய உருளை, நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கொடுத்தால் இரண்டரை மணி நேரம் வரும். ஒருமுறை மதுரை போய் வந்தால் அடுத்த சவாரிக்கு முன் அதை நிரப்பியாக வேண்டும்.

சம்பளத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. நோயாளியைக் கொண்டுவந்து சேர்ப்பவருக்குத் தரகு கொடுக்கும் வழக்கம் சில தனியார் இடங்களில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். வயிறு நிறையாத ஓட்டுநர், அருகில் உள்ள மருத்துவமனையை விட்டுத் தரகு கிடைக்கும் இடத்துக்கு வண்டியைத் திருப்பினால் பாவம் நம்மையும் சேரும்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குப் புள்ளிவரி கொடுத்துப் பழகியவர்கள் நாம். வியாபாரத்தில் தர்மத்துக்கென்று ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்த ஐயாக்களின் பேரப்பிள்ளைகள். அதே முறையில் ஆண்டுக்கு ஒரு தொகை வைத்து, ஓர் ஆண்டுச் சம்பளம் வங்கியில் சேர்ந்த பிறகு வண்டி வாங்கலாம். ஏழு பேருக்குப் பணம் சேராவிட்டால் பகல் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் நடத்துவோம். அதற்கு நான்கு பேர் போதும். எந்த நேரம் வண்டி ஓடும் என்பதைச் சாவடியில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம், இரவில் யாரும் ஏமாறக் கூடாது. வரி நாம் கொடுத்தாலும் வண்டி ஊரில் உள்ள எல்லாத் தெருவுக்கும் எல்லா மக்களுக்கும் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓர் ஓட்டுநரின் ஓராண்டுச் சம்பளத்தை நான் ஏற்கிறேன். முழு வண்டியும் தருவதாக எழுதிய கோலாலம்பூர் அண்ணன், அந்தத் தொகையில் பாதியைச் சம்பள நிதிக்கு மாற்றித் தர இசைவீர்களா? உங்கள் பதிலை வைத்துத்தான் மற்றவர்களிடம் நான் பேச வேண்டும்.

அன்புடன்,
கீழத்தெரு வீட்டிலிருந்து, சிங்கப்பூர்