நிறைவெண் தேடும் பைத்தான் நிரல்: ஐந்தாவது எண் வரவில்லை

கேள்வி:
தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாகும் எண்களைத் தேட நிரல் எழுதினேன். 6, 28, 496, 8128 உடனே வந்துவிடுகின்றன. அடுத்த 33550336 வருவதாகவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
பாதிவரை வகுத்துப் பார்க்கிறீர்களா? வர்க்கமூலம் வரை போதும். காரணி கிடைத்ததும் அதன் இணையையும் (எண்ணை அதனால் வகுத்தால் வரும் ஈவை) கூட்டிவிடுங்கள். 33550336க்கு 5792 வரை வகுத்தால் வேலை முடிந்தது. ஆனால் 36ஐக் கொடுத்துச் சோதிக்காமல் விடாதீர்கள், நண்பரே! 55 வர வேண்டும். 61 வந்தால் 6 இருமுறை கூடியிருக்கிறது. 1ஐயும் நிரல் நிராகரிக்க வேண்டும்.

பதில் 2:
அப்படியும் மூன்று கோடிக்கு மேற்பட்ட எண்களைத் தொட வேண்டுமே! பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழியுங்கள்; வருவது பகா எண்ணாக இருக்க வேண்டும்: 8192 − 1 = 8191, பகா எண். அதை 8192இன் பாதியான 4096ஆல் பெருக்கினால் நீங்கள் தேடும் எண். ஆனால் 2048 − 1 = 2047 பகா எண் போலத் தோன்றி ஏமாற்றும். அது 23 × 89.

கேள்வி கேட்டவர்:
36க்கு 55 வருகிறது. யூக்ளிட் வழியையும் எழுதிப் பார்க்கிறேன். இருவருக்கும் நன்றி.