வீட்டுக்கார அம்மாவிடம் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. எஸ்டோனியாவில் இது எப்படி?

கதிர்_லாஸ்னமே:

வணக்கம். வேலைக்காகத் தாலின் வந்திருக்கிறேன். லாஸ்னமே பகுதியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வீட்டில் ரஷ்ய மொழிதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அடையாளத்துக்காகத் தன் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். சாம்பல் நிற அட்டை. எஸ்டோனியர்களுடையது கருஞ்சிவப்பு என்று தெரியும், அதனால் கேட்டேன். தனக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

அவர் பிறந்தது தாலினில். படித்தது, வேலை பார்த்தது, ஓய்வூதியம் வாங்குவது எல்லாம் இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒரு நாட்டில் இது எப்படி நடக்கும்? இன்னொன்று, அவரை நான் என்னவென்று நினைப்பது? ரஷ்யர் என்றா, எஸ்டோனியர் என்றா? தப்பாக ஏதாவது பேசிவிடக் கூடாதே என்றுதான் கேட்கிறேன்.

பயணி77:

இதில் புரியாதது என்ன இருக்கிறது? சோவியத் போனதும் ரஷ்யர்கள்மேல் இருந்த கோபத்தைக் காட்டிவிட்டார்கள். பிறந்த மண்ணில் குடியுரிமை இல்லை என்றால் அது பழிவாங்கல்தான்.

நார்வாக்கரை:

தம்பி, நான் இருப்பது ரஷ்யாவை ஒட்டிய எல்லை ஆற்றின் கரையில் இருக்கும் நார்வாவில். என் கணவருக்குச் சில்லமே துறைமுகத்தில் வேலை. எங்கள் மாடியில் இருக்கும் குடும்பங்களில் எஸ்டோனிய, ரஷ்ய, சாம்பல் என்று மூன்று வகைப் பாஸ்போர்ட்டும் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பயணி சொல்வது பாதிதான். கோபம் இருந்தது உண்மை. ஆனால் சட்டம் நிற்பது வேறொரு இடத்தில். எஸ்டோனியா தன்னை 1991இல் பிறந்த நாடாகக் கருதவில்லை. 1918இல் பிறந்தது, 1940இல் சோவியத் படை பிடித்துக்கொண்டது, 1991 ஆகஸ்ட் 20இல் திரும்ப எழுந்தது என்பதுதான் அதன் நிலை. நாடு பழையது என்றால் குடிமக்களும் பழையவர்கள்தானே? 1940 ஜூனில் ஆக்கிரமிப்புக்கு முன்பு யார் குடிமக்களோ அவர்களும் அவர்கள் வாரிசுகளும் தானாகவே குடிமக்கள். அதற்கு அப்புறம் வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் விண்ணப்பித்து, மொழித் தேர்வு எழுதி வாங்க வேண்டும். உங்கள் வீட்டுக்கார அம்மாவின் பெற்றோர் போருக்குப் பின் வந்திருப்பார்கள். அவர் தாலினில் பிறந்தார் என்பது இந்தக் கணக்கில் சேரவே இல்லை. 1992இல் நாட்டில் வசித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இப்படி நின்றார்கள். இன்று அது 60 ஆயிரத்தை ஒட்டி வந்திருக்கிறது.

எஸ்டோனியர்களின் பயத்தையும் சொல்லியாக வேண்டும். 1941இல் பத்தாயிரம் பேர் அளவிலும், 1949 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேலும் ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1934 கணக்கெடுப்பில் 88 சதவீதமாக இருந்த எஸ்டோனியர்கள் 1989இல் 61.5 சதவீதம். நார்வாவோ 1944 மார்ச் குண்டுவீச்சில் தரைமட்டமானது. அதற்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோரைப் போருக்குப் பின் திரும்பிவர விடவில்லை. ரஷ்யாவிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இன்று இந்த ஊரில் எஸ்டோனிய மொழியை வீட்டில் பேசுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இருக்க மாட்டார்கள்.

ஆனால் வந்தவர்கள் படையெடுத்து வந்தவர்களா? நீண்டகால வசிப்பு உரிமைக்கு எனக்கும் பி1 நிலை, அதாவது அன்றாடம் பேசிச் சமாளிக்கும் அளவு எஸ்டோனிய மொழி வேண்டும். அந்த வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் க்ரீன்ஹோல்ம் பஞ்சாலையில் நெசவாளியாக இருந்தவர். 1857இல் தொடங்கிய ஆலை அது. சோவியத் காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். 2010இல் மூடிவிட்டார்கள். தறிச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றதில் அவருக்குக் காது மந்தம். கேட்டல் பயிற்சிக்கு ஒலிப்பதிவு ஓடும்போது வலது காதை ஒலிபெருக்கி பக்கம் திருப்பிக்கொண்டு, உதட்டை அசைத்து ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்வார். எஸ்டோனிய மொழியில் பதினான்கு வேற்றுமைகள். அவர் ஒரு பழைய பள்ளி நோட்டில் அவற்றைக் கட்டம் போட்டு எழுதி, கட்டங்களுக்கு வேறு வேறு நிறத்தில் வண்ணம் தீட்டி வைத்திருந்தார். இருபது வயதில் ஆலை விடுதியில் இடம் தருகிறார்கள் என்று வந்த பெண்ணை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1991 மார்ச் 3இல் விடுதலைக்காக நடந்த வாக்கெடுப்பில் இங்கே வசித்த எல்லோரும் ஓட்டுப் போடலாம். 78 சதவீதம் ஆம் என்றார்கள். அதில் ரஷ்ய மொழி பேசுபவர்களும் கணிசமாக இருந்தார்கள். அடுத்த வருஷம் ஜூனில் அரசியல் சாசனத்துக்கு வாக்கெடுப்பு. கூடவே இன்னொரு கேள்வியும் இருந்தது: குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பவர்களை முதல் தேர்தலில் ஓட்டுப் போட விடலாமா? அதற்கு 53 சதவீதம் இல்லை என்றார்கள். முந்தைய ஆண்டு விடுதலை வேண்டும் என்று ஓட்டுப் போட்டவருக்கு, அந்த விடுதலை நாட்டின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டில்லை. பழைய நாடு மீண்டது என்ற கொள்கை சரிதான், நான் அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குள்ளேயே இவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கலாம். லிதுவேனியா 1989 சட்டத்திலேயே அங்கே நிரந்தரமாக வசித்தவர்களுக்கெல்லாம் வாய்ப்புக் கொடுத்தது. அங்கே ரஷ்யர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை என்பதால் துணிச்சல் வந்தது என்பதும் உண்மை.

கதிர்_லாஸ்னமே:

அக்கா, மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. ஒன்று மட்டும் இடிக்கிறது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இவர்கள் ஏன் இன்னும் வாங்கவில்லை? மொழி கஷ்டம் என்பது மட்டுமா?

நார்வாக்கரை:

மொழி பெரிய காரணம், குறிப்பாக நார்வாவில். கடை, பேருந்து, பக்கத்து வீடு எல்லாமே ரஷ்ய மொழி என்றால் பேசிப் பழக ஆள் வேண்டாமா? வேறு காரணமும் உண்டு. சாம்பல் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 2007இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விசா இல்லாமல் போகலாம். 2008இல் ரஷ்யாவும் அவர்களுக்கு விசா வேண்டாம் என்றது. எஸ்டோனியக் குடிமகன் ஆனால் அக்கரைக்குப் போக விசா எடுக்க வேண்டும். அக்காள் வீடு எதிர்க்கரை இவான்கொரோடில், அம்மாவின் கல்லறை ரஷ்யாவின் ப்ஸ்கோவில் என்று இருப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? சிலர் விண்ணப்பிக்காமல் இருப்பது மான உணர்ச்சியால். பிறந்த ஊரிடம் போய் என்னை ஏற்றுக்கொள் என்று மனு கொடுப்பதா என்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டுக்காரர் அந்த ரகம்.

அப்புறம், எல்லைக்கோடும் இதே சிக்கலில்தான் மாட்டியிருக்கிறது. 1920 பிப்ரவரி 2இல் எஸ்டோனியாவும் சோவியத் ரஷ்யாவும் கையெழுத்திட்ட தார்த்து ஒப்பந்தப்படி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இவான்கொரோடும், தெற்கே பெச்சோரியும் எஸ்டோனியாவுடையவை. 1944-45இல் அவற்றைச் சோவியத் ரஷ்யக் குடியரசோடு சேர்த்துவிட்டார்கள். விடுதலைக்குப் பின் எஸ்டோனியா அந்த நிலத்தைக் கேட்கவில்லை. 2005இல் புதிய எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் அதை ஏற்கும் சட்டத்தின் முகப்பில் எஸ்டோனிய நாடாளுமன்றம் தார்த்து ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டது. நாடு தொடர்ந்து இருந்தது என்று சொல்லியாக வேண்டுமே! ரஷ்யா உடனே கையெழுத்தைத் திரும்பப் பெற்றது. 2014இல் மறுபடி கையெழுத்திட்டார்கள், இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 2024 மே மாதம் ஒரு ராத்திரியில், ஆற்றில் எல்லையைக் காட்ட எஸ்டோனியா போட்டிருந்த மிதவைகளில் 24ஐ ரஷ்யக் காவலர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கரைக்குப் போகும் பாலத்தில் இப்போது வண்டிகள் போவதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும், இரவில் அதுவும் கிடையாது.

ரஷ்யர்கள் இரண்டாம் உலகப் போரின் வெற்றி நாளாகக் கொண்டாடும் மே 9 அன்று இங்கே வந்து பாருங்கள். ஆற்றின் இந்தக் கரையில் ஹெர்மன் கோட்டை, அந்தக் கரையில் இவான்கொரோட் கோட்டை. அக்கரையில் பெரிய திரையும் மேடையும் நம் பக்கம் பார்த்துப் போட்டுப் பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். இக்கரைக் கோட்டைச் சுவரில் புடினைப் போர்க்குற்றவாளி என்று சொல்லும் பெரிய பதாகை தொங்கும். நடுவில் நடைபாதையில் எங்கள் ஊர்க் கிழவிகள் மடிப்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாட்டைக் கேட்கிறார்கள். இதை வைத்து அவர்கள் மாஸ்கோ பக்கம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதில் ஒருவர் மகன் எஸ்டோனியப் படையில் இருக்கிறார், எனக்குத் தெரியும்.

ரீகா_மீனா:

லாத்வியாவிலிருந்து ஒரு சேர்க்கை. இங்கேயும் இதே போன்ற குடியுரிமை இல்லாதவர்கள் நிறைய. அவர்களில் பலர், சீக்கிரம் ஓய்வூதியம் கிடைக்கும், ரஷ்யாவுக்கு எளிதாகப் போய்வரலாம் என்று ரஷ்யக் குடியுரிமை வாங்கிக்கொண்டார்கள். 2022இல் உக்ரைன் போர் வந்ததும் சட்டம் மாறியது. ரஷ்யக் குடிமக்கள் லாத்விய மொழித் தேர்வு எழுதித் தேறினால்தான் வசிப்பு உரிமை தொடரும் என்றார்கள். எழுபது வயதைத் தொட்ட பாட்டிகள் தேர்வு மையத்துக்கு வெளியே வரிசையில் நின்றதைப் பார்த்தேன். என் வீட்டுக்குக் கீழே பூக்கடை வைத்திருப்பவர் இரண்டு தடவை எழுதினார். அந்த ரஷ்யச் சிவப்புப் பாஸ்போர்ட்டை ஏன் வாங்கினேன் என்று இப்போது அழுகிறார்.

நார்வாக்கரை:

மீனா சொல்வதுபோல இங்கேயும் காற்று மாறிவிட்டது. உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுரிமை 1990களிலிருந்தே எல்லாருக்கும் இருந்தது. 2025 மார்ச்சில் அரசியல் சாசனத்தைத் திருத்தி, ரஷ்யக் குடிமக்களிடமிருந்து அதை எடுத்தார்கள். சாம்பல் பாஸ்போர்ட்காரர்களுக்கு அந்த அக்டோபர் தேர்தலே கடைசி. போர் நடக்கும்போது ரஷ்யக் குடிமக்கள் விஷயத்தில் அரசின் கவலை எனக்குப் புரிகிறது. எந்த நாட்டையும் சேராதவர்களை அதே பட்டியலில் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

கதிர், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்களாக ஒரு பெயர் வைக்காதீர்கள். எங்கள் மாடியில் ஒருவர் ரஷ்யர் என்பார், ஒருவர் எஸ்டோனிய ரஷ்யர் என்பார், என் தோழி நார்வாக்காரி என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ரஷ்யாவிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் எங்கிருந்தும் வரவில்லை.

கதிர்_லாஸ்னமே:

சரி அக்கா. நேற்று அவரே பேச்சை எடுத்தார். பேரன் பள்ளியில் பாடமெல்லாம் எஸ்டோனிய மொழிக்கு மாறிவிட்டதாம், அவனோடு உட்கார்ந்து தானும் படிக்கிறாராம். ஓட்டுப் போனதிலிருந்து தேர்வு எழுதலாமா என்ற யோசனையாம். இந்த வயதில் முடியுமா என்று என்னிடம் கேட்கிறார், நான் என்ன சொல்வது?

நார்வாக்கரை:

முடியும் என்று சொல்லுங்கள். பஞ்சாலை அம்மா மூன்றாம் தடவையில் தேறினார். குடியுரிமைக்குப் படிப்பவர்களுக்கு அரசே இலவச வகுப்பு வைத்திருக்கிறது, இடம் சீக்கிரம் நிரம்பும், இப்போதே பதியச் சொல்லுங்கள். அரசியல் சாசனத் தேர்வு தனி. 24 கேள்வி, 18 சரியாக இருந்தால் போதும், சட்டப் புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம், அதற்குப் பயப்படத் தேவையில்லை. கேட்டல் பகுதிதான் எல்லாரையும் கவிழ்க்கும். காலையில் சமையலறையில் ரஷ்யச் செய்திக்குப் பதிலாக விக்கெர்ராடியோ என்ற எஸ்டோனிய வானொலி ஓடட்டும். புரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓடிக்கொண்டே இருக்கட்டும். உங்களுக்கும் அது நல்லதுதான்.